பல்லக்காவுக்கு ஐந்து கையெழுத்து

எங்கள் தெருவுக்கு இருந்த பல்வரிசை உலகத்தில் வேறு எந்தத் தெருவுக்கும் இருந்ததில்லை. நாட்டின் தலைவர்களெல்லாம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, எங்களை ஒருமுறை சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவார்கள். சரி, தலைவர்கள் வரவில்லை. ஒரு தடவை ஒரு சுகாதார ஆய்வாளர் வந்தார், அதுவும் வண்டி பஞ்சரானதால். "என்னம்மா இது, தெருவே பல்லக் காட்டுது" என்று கேட்டுவிட்டுப் போனார். கொஞ்சம் கூட்டிச் சொல்வது என் வழக்கம். குறைத்துக்கொண்டு படிக்கத் தெரிந்தவர்கள் மேலே படிக்கலாம்.

ஆனால் பதினொரு வாய் என்பதில் கூட்டல் இல்லை. தெருவில் பதினொரு பேர் பல்செட் போட்டிருந்தோம், பதினொன்றும் ஒரே கை செய்தவை. அந்தக் கைக்காரி எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தாள். பல்லக்கா என்றுதான் எல்லோருக்கும் அவளைத் தெரியும். நானும் என் நாத்தனாரும் மாடியில். நான் அவளைவிட மூத்தவள் என்பதால் எனக்கு மட்டும் அவள் 'பல்லு'. அவளுக்கு நான் 'மாடியக்கா'.

அவள் எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். அந்தக் காலத்தில் எல்லை என்றால் ஒரு இரும்புக் கேட், ஒரு காவலாளி, காவலாளிக்கு ஒரு நாற்காலி. நாற்காலி காலியாக இருந்தால் கேட்டை நாமே தள்ளித் திறந்துகொண்டு போகலாம். அங்கே அவளுடைய அப்பா பல்செட் செய்பவர். எங்கள் பக்கத்து பஸ் ஓட்டுநர் ஒருவர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார். நாலு முறை போய்வந்ததில் அம்மாவுக்குப் பல்லும் தனக்குப் பெண்டாட்டியும் அமைந்தன. அப்படி வந்தவள் முப்பத்தோரு வருடம் இங்கே இருந்தாள். ஓட்டுநர் நடுவிலேயே போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. ரத்த சொந்தம் என்று அந்தப் பக்கம் ஒரு தங்கை, பிறந்த ஊரிலேயே, ஆற்றங்கரை வீட்டில்.

முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் மேசை, ஸ்பிரிட் விளக்கு, இளஞ்சிவப்பு மெழுகுத் தகடுகள், மெழுகுக் கத்தி. சுவரில் மூன்று தட்டு அலமாரி. அதில் எங்கள் வாய்களெல்லாம் வெள்ளைச் சுண்ண அச்சுகளாக, அடியில் பென்சிலால் எழுதிய பெயர்களோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும். மனிதர்களை அவள் முகத்தை வைத்து நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. யாரைப் பற்றியாவது பேச்செடுத்தால், "யாரு, மேல் ஈறு சரிஞ்சிருக்குமே, அவரா?" என்று கேட்பாள்.

அவள் வேலையில் ஒரு முறை உண்டு. பல்லை முதலில் மெழுகில் அடுக்கி வாயில் மாட்டுவாள். அன்றைய பேப்பரைக் கையில் கொடுத்து முதல் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வாள். வாசிக்கிறவர் பக்கம் பார்க்கவே மாட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேட்பாள். "மூஞ்சியப் பாத்தா காது ஏமாந்துடும்" என்பது அவள் சொல்லும் காரணம். எந்தச் சொல்லில் காற்று ஒழுகுகிறது, எங்கே நாக்கு இடிக்கிறது என்று காதாலேயே பிடித்துவிடுவாள். பிறகு பல்லை வாங்கிக் கடுகளவு மெழுகைச் சுரண்டுவாள். மறுபடி முதல் வரி. எங்கள் தெருவில் நாட்டு நடப்பு அறியாத பல் ஒன்றுகூடக் கிடையாது.

போர் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை. தொடங்கியது நாங்கள்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, வெட்கமும் இல்லை. எங்கள் படை இரும்புக் கேட்டைத் தாண்டி உள்ளே போயிற்று. மருந்துக்கடைக்காரர் ஒரு பெரிய வரைபடம் வாங்கிவந்து இருமல் மருந்துகளுக்கு மேலே மாட்டினார். விழுந்த ஊருக்கெல்லாம் ஒரு சிவப்புக் குண்டூசி. மாத்திரை வாங்க வந்தவர்கள் மாத்திரையை மறந்து ஊசியை எண்ணிக்கொண்டு நின்றார்கள். "நாலு நாள்ல முடிஞ்சிரும்" என்றார் அவர். "அஞ்சு நாள்" என்று பந்தயம் கட்டினார் மூலைவீட்டு ஓய்வுபெற்ற நர்ஸம்மா. இரண்டு பேர் வாயிலும் பல்லக்காவின் பல்.

புதன்கிழமை காலை ஹெட்மாஸ்டருக்கு மெழுகுப் பல் பார்க்கும் நாள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அதிகாரத்திலிருந்து பெறாதவர், தெருக் கமிட்டித் தலைவர். மிச்சமிருந்த நாலு பல்லையும் பிடுங்கி நாலு மாதமாகியிருந்தது. ஈறு ஆறட்டும் என்று பல்லக்கா காக்கவைத்திருந்தாள். அந்த நாலு மாதமும் அவர் பேசியது யாருக்கும் புரியாமல் தெரு நிம்மதியாக இருந்தது.

வத்திப்பெட்டி இரவல் வாங்கக் கீழே போன நான் வம்பு கேட்கலாமென்று பெஞ்சில் உட்கார்ந்தேன். ஹெட்மாஸ்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேப்பரை விரித்தார். பல்லக்கா வழக்கம்போல் அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் பேப்பரைத் தானாகப் படிப்பதில்லை. வருகிறவர்கள் வாசிக்கக் கேட்பதோடு சரி.

முதல் வரியில் எங்கள் படை முன்னேறியது. இரண்டாவது வரியில் அமைச்சர் பாராட்டினார். மூன்றாவது வரியில் ஒரு ஊரின் பெயர் வந்தது. பல்லக்கா பிறந்த ஊர். பீரங்கி வீச்சில் ஆற்றங்கரைப் பகுதி முழுவதும் தரைமட்டம், நம் தரப்பில் சேதம் ஏதுமில்லை என்று வாசித்து நிறுத்தினார்.

முதுகு அவர் பக்கம் இருந்தது, முகம் என் பக்கம். அந்த முகத்தைப் பற்றி நான் எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. மெழுகுக் கத்தியை மேசையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? மூணாவது வரியில காத்து போகுது. திரும்ப வாசிங்க."

அவர் திரும்ப வாசித்தார், வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டும் என்கிற மாதிரி, ஊர்ப் பெயரை அழுத்தி.

"இன்னொரு தரம்."

காற்றுக்காகக் கேட்டாளா, காதில் விழுந்தது சரிதானா என்று கேட்டாளா, எனக்குத் தெரியாது. மூன்றாம் முறை முடிந்ததும் பல்லை வாங்கிச் சுரண்ட வேண்டிய இடத்தில்தான் சுரண்டினாள்.

பொக்கை வாயோடு ஹெட்மாஸ்டர் ஆறுதல் சொன்னார். "உங்க ஊருல்ல அது? கவலப்படாதீங்க. பல்லு புடுங்கற மாதிரிதான். ஒரு நிமிஷம் வலி, அப்புறம் சுகம்."

"அப்புறம் நாலு மாசம் ஈறால மெல்லணும் சார்" என்றாள் பல்லக்கா.

அவர் சிரித்தார். தனக்குப் புரியாததற்கெல்லாம் சிரிப்பது அவர் பழக்கம்.

அன்று மாலை தலைவலி மாத்திரை வாங்கப் போன பல்லக்காவை மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டுக் கையில் ஒரு குண்டூசியைக் கொடுத்தார். "அக்கா, உங்க ஊரு இப்ப நம்ம ஊரு. உங்க கையாலயே குத்துங்க. இனிமே தங்கச்சியப் பாக்க பாஸ்போர்ட்டே வேணாம்." கடையில் ஆறேழு பேர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஊசியை வாங்கி, வரைபடத்தில் ஊரைத் தேடி, சரியான இடத்தில் குத்திவிட்டு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தாள். ஊசி குத்தியதை வைத்து அவளை நல்லவள் என்று யாரும் சொல்லவில்லை. "பாத்தியா, கை நடுங்கவே இல்ல. பொறந்த ஊருக்கே இப்படின்னா நமக்கு எப்படியோ" என்றுதான் பேசிக்கொண்டார்கள். நடுங்கியிருந்தால் அதற்கும் ஒரு பேச்சு தயாராக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தங்கை உயிரோடு இருப்பது தெரிந்தது. யாருடைய போனிலிருந்தோ ஒரு நிமிடம் பேசினாள்.

"அவ என்ன சொன்னா தெரியுமா மாடியக்கா? உங்க ஆளுங்க வந்து எங்க வீட்டுக் கதவப் பேத்து அடுப்புல வெச்சுட்டாங்கன்னு சொல்றா. உங்க ஆளுங்களாம். இங்க பால் பூத்துல நின்னா, உங்க ஆளுங்க எப்ப சரணடையப் போறாங்கன்னு கேக்குறாங்க. ரெண்டு பக்கமும் எனக்குத்தான் ஆளு நெறய."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதைத் தவிர வேறு என்ன செய்ய?

அடுத்த வாரம் ஒரு வதந்தி கிளம்பியது. கிளப்பியவர் நர்ஸம்மா. பல் அச்சை வைத்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்கலாம், நம் வாயெல்லாம் எதிரி கையில் இருக்கிறது என்றார். எதிரிப் படைக்கு எங்கள் தெரு நர்ஸம்மாவின் கீழ்த்தாடை எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து தங்கள் அச்சை வாங்கிக்கொண்டு போனார்கள். பல்லக்கா ஒன்றும் கேட்காமல் காகிதத்தில் சுற்றிச் சுற்றிக் கொடுத்தாள். "கீழ போடாதீங்க, ஒடஞ்சா பல்லு ரிப்பேருக்கு அச்சு இருக்காது" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் வீட்டில் அது கதவுக்கு முட்டுக் கொடுத்தது. இன்னொருவர் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் இளித்தது. பல் உறுத்தினால் மட்டும் பின்வாசல் வழியாக வந்தார்கள். அவளும் அரத்தால் ராவிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் தாள் வந்தது. அந்தப் பக்கம் பிறந்தவர்கள் எல்லோரும் ஐந்து கையெழுத்தோடு வார்டு அலுவலகத்துக்கு வர வேண்டும், வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள். கையெழுத்துப் போடுகிறவர் அதே தெருவில் சொந்த வீடு உள்ளவராக இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கையெழுத்து, அதுவும் வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. 'இவரைப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக அறிவேன், இவர் நடத்தைக்கு நான் பொறுப்பு' என்று அச்சடித்திருந்தது. ஐந்து இல்லாதவர்களை ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த காகித ஆலைக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். முந்தின வாரம் வேறு தெருக்களிலிருந்து ஒரு பஸ் அப்படிப் போயிருந்தது. அதில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை, யாருக்கும் கடிதமும் வரவில்லை.

பல்லக்கா ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். சலவை செய்த சேலை, கையில் அட்டையில் செருகிய தாள்.

தையல்காரம்மா மெஷினை நிறுத்தாமலே போட்டுக்கொடுத்தாள். லிஃப்ட் மெக்கானிக் தன் பொண்டாட்டி குளிக்கப் போகும்வரை காத்திருந்து போட்டார். ஓய்வுபெற்ற தபால்காரருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. வாழ்நாளெல்லாம் அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கியே பழகியவர், தன்னிடம் ஒருத்தி கேட்டதும் பூரித்துப்போய், எதற்கென்று பார்க்காமல் போட்டுவிட்டு, "பார்சல் எங்க?" என்றார்.

மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்று மரியாதை செய்தார். "அக்கா, உங்களுக்குப் போடாம வேற யாருக்குப் போடப்போறேன்? ஆனா பாருங்க, அடுத்த மாசம் கடை லைசென்ஸ் புதுப்பிக்கணும். அது முடியட்டும், ஒண்ணுக்கு ரெண்டாப் போடுறேன்."

நர்ஸம்மா தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். "பத்து வருஷம்னு போட்டிருக்கு. பொய்க் கையெழுத்து என்னால போட முடியாதும்மா. எனக்கு உன்ன ஒம்பதரை வருஷமாத்தான் தெரியும்."

"உங்களுக்குப் பல்லு கட்டியே பதினோரு வருஷம் ஆச்சேம்மா."

"அது கீழ்ப்பல்லு" என்று கதவைச் சாத்தினார்.

நாலாவது கையெழுத்து என்னுடையது. என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பதால்தான் கடைசியாக மாடி ஏறிவந்தாள். வீடு என் பெயரில். விஷயம் அங்கேயே முடிந்தது, அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாவதுக்கு, மற்றவர்கள் கைவிரித்த பிறகு, ஹெட்மாஸ்டரை விட்டால் ஆளில்லை. அவர் ஈஸிசேரில் சாய்ந்தபடி சட்டம் பேசினார். "வியாழக்கிழமை சாயங்காலம் வெற்றிக் கூட்டம். நான்தான் தலைமை. பல்லு இல்லாம நான் எப்படி மேடை ஏறுறது? நீங்க பல்ல முடிச்சுக் குடுங்க. நான் கையெழுத்த முடிச்சுக் குடுக்குறேன்."

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவர் எட்டிப் பார்க்காததால் பல் மெழுகிலேயே நின்றிருந்தது. மெழுகிலிருந்து பல்லை எடுத்து, வார்த்து, வேகவைத்து, ராவி, மெருகேற்ற எட்டு நாள் பிடிக்கும். அவளுக்கு இருந்தது நாலு நாள். செவ்வாய்க்கிழமை நான் கீழே போனபோது கொதிக்கிற தண்ணீரில், பல் வார்ப்பை அடைத்த பித்தளைப் பெட்டி கிடந்தது. அவள் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் காதருகே குனிந்தேன். "ஏ பல்லு, எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சு தொலைக்காத. மேல் தகட்டுல ஒரு நூலளவு தூக்கிவிட்டுடு. கூட்டத்துல வாயத் தொறந்ததும் கழண்டு விழட்டும்."

"விழுந்தா கையெழுத்து கெடைக்குமா?"

"கையெழுத்த முன்னாடியே வாங்கிக்கோ. அப்புறம் விழட்டும்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்தாள் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். அப்புறம் தலையை ஆட்டினாள். "கை வராது மாடியக்கா. நாலு மாசமா ரொட்டிய நனச்சு நனச்சுத் தின்னுட்டிருக்காரு மனுஷன். வேணும்னே தப்பா செஞ்சா அந்த வாயில தெனமும் புண்ணாகும். நான் தெரிஞ்சே வெச்ச புண்ணு."

"உன்ன பஸ்ல ஏத்துறப்ப அவருக்குப் புண்ணாகுமா?"

"அவரு பல்லு செய்யறவரு இல்லையே" என்று பெட்டியைத் திருப்பிப் போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பல்லை மாட்டிவிட்டாள். ஹெட்மாஸ்டர் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒரு கேரட்டைக் கடித்து நொறுக்கினார். பத்து வயது குறைந்துவிட்டது அவருக்கு. அவள் தாளை நீட்டினாள்.

"பிரமாதம். ஆனா கேரட்டு வேற, பேச்சு வேற. மேடையில பேசிப் பாத்தாத்தானே தெரியும்? பேசி முடிச்சதும் போட்டுடுறேன்."

"ஆறு மணிக்கு ஆபீஸ மூடிருவாங்க சார்."

"அஞ்சு மணிக்குக் கூட்டம். அஞ்சரைக்கு எறங்கிடுவேன். தாளோட மேடைப் பக்கத்துல நில்லுங்க."

அவள் நின்றாள். தெருமுனையில் பந்தல், ஒலிபெருக்கி, நாற்காலி வரிசைகள். அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "நம் வீரர்களே!" என்று ஒரு கத்துக் கத்தினார். அப்போது நடந்ததை ஊரே பார்த்தது. மேல்வரிசைப் பல் வாயிலிருந்து கிளம்பி, புறா மாதிரி மூன்று வரிசைக்கு மேல் பறந்து, ஒலிபெருக்கி வாடகைக்காரர் மடியில் போய் உட்கார்ந்தது. ஒலிபெருக்கியில் 'பே பே' என்று மட்டும் கேட்டது. மருந்துக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் பல்லும் கழன்றது. நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். பல்லக்கா பதறவே இல்லை. மடியிலிருந்து பல்லை எடுத்து, முந்தானையில் துடைத்து, மேடை ஏறினாள். ஒரு கையில் பல், ஒரு கையில் தாள். "மொதல்ல எது சார்?" என்றாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ஹெட்மாஸ்டர் மேடையிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஐந்து கையெழுத்தும் குமாஸ்தாவின் மேசையில் இருந்தன.

இதை எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னாள் என் நாத்தனார். எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். பல் பறந்த இடத்தில் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் சொன்னதை அப்படியே சேர்க்காவிட்டால் தபாலில் போடவிட மாட்டாளாம்.

"பல்லு எங்க அண்ணி பறந்துச்சு? சிமென்ட் வெச்ச மாதிரி நின்னுது. ஒண்ணே முக்கால் மணி நேரம் பேசினார். கடைசி வரிசை வரைக்கும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேட்டுது. நாம ரெண்டாவது வரிசை. நீங்க கை தட்டினீங்க. நானுந்தான் தட்டினேன், இல்லன்னு சொல்லல. அவங்க மேடைப் பக்கத்துல தாளப் புடிச்சுக்கிட்டு ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்குற வரைக்கும் நின்னாங்க. அவர் குனிஞ்சுகூடப் பாக்கல. அப்புறம் அவங்களே நடந்து வார்டு ஆபீஸ் போயிட்டாங்க. ஆறரைக்கு பஸ் கெளம்பினப்ப அவர் இன்னும் பேசிட்டுத்தான் இருந்தார்.

"அவர் போட்டிருந்தாலும் அஞ்சு வந்திருக்காது அண்ணி. அந்தத் தாள்ல மூணு கையெழுத்துதான் இருந்துச்சு. நீங்க வாங்கி ரெண்டு தடவ படிச்சுட்டு, இதுல தேதி போடலையே, கேட்டுட்டு வான்னு திருப்பிக் குடுத்துட்டீங்க. நான் போடுறேன்னு சொன்னேன், வீடு என் பேர்லன்னு சொன்னீங்க. பத்து நாள் கழிச்சு மேல் பல்லு உறுத்துதுன்னு நீங்க பாட்டுக்குக் கீழ எறங்கிப் போய் அவங்க கதவத் தட்டிட்டு வந்தீங்களே, அதையும் எழுதுங்க."